வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியை வேனில் ஏற்றி ஊர் சுற்றலாமா?

கேள்வி கேட்டவர் கோவைக்காரர். கணவன், மனைவி இருவருமே வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் சின்ன அடுப்படியும் அமைத்து, மாதக்கணக்கில் ஊர் சுற்றப் போகிறார்கள். ஒருமுறை லடாக் வரை போகவும் ஆசை. வீட்டில் இரண்டு 150 ஏ.எச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் பேட்டரியும் இன்வர்ட்டரும் சும்மாதான் இருக்கின்றன. அவற்றை வண்டியில் ஏற்றி, கூரையில் 540 வாட் பேனல் இரண்டைப் போட்டால் ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபேன், லேப்டாப்கள், முடிந்தால் ஏசி எல்லாம் ஓடுமா என்பது கேள்வி. பேட்டரி போதுமா என்று கேட்டிருந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று: வெளிக்கரண்ட் இல்லாமல் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி எத்தனை நாள் இருக்கலாம்? அதை முடிவு செய்வது பேட்டரியின் பருமன் அல்ல, தினமும் அதற்குள் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. கரூரில் பஸ் பாடி பட்டறையில் வயரிங் வேலை தொடங்கி, பிறகு சோலாருக்கு மாறியவன் நான். இரண்டு வேலையும் ஒரே வண்டியில் சேரும்போது எங்கே சிக்கல் வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் செலவுக் கணக்கு. வாட், ஆம்பியர் என்று குழப்பிக்கொள்ளாமல் ஈ.பி. பில்லில் வரும் யூனிட்டிலேயே பேசலாம். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் 40, 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு அரை யூனிட் அளவில் எடுக்கும். குறைந்த கரண்ட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். 12 மணி நேரத்துக்கு 0.36 யூனிட். லேப்டாப் அடாப்டரில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், சராசரியாக 40 வாட் இழுக்கும் என்று வைத்தால் இரண்டும் எட்டு மணி நேரம் ஓட 0.64. விளக்கு, செல்போன், இண்டர்நெட் ரூட்டர், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்து 0.3. ஆகமொத்தம் 1.8. வழியில் வீணாவதையும் சேர்த்து 2 முதல் 2.2 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் எனக்குச் சந்தேகம் உள்ள இடம் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். மூடிய தகர வண்டிக்குள் மதியம் 45 டிகிரி போனால் கம்ப்ரஸர் ஓயவே ஓயாது. அப்போது அரை யூனிட் முக்கால் ஆகலாம். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் காற்றோட்டம் விட்டு வைத்தால் கணிசமாகக் குறையும்.

இந்தப் பட்டியலில் பலர் விட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு: இன்வர்ட்டர். எதுவும் மாட்டாமல் சும்மா ஆனில் இருந்தாலே 10 முதல் 25 வாட் வரை அது தின்னும். 20 வாட் என்றால் 24 மணி நேரத்துக்கு 0.48 யூனிட், அதாவது இன்னொரு ஃப்ரிட்ஜ். அதனால்தான் ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு மூன்றையும் நேராக 12 வோல்ட்டில் ஓடுவதாக வாங்கச் சொல்கிறேன். லேப்டாப்புக்கும் டைப்-சி சார்ஜ் வசதி இருந்தால் 12 வோல்ட் கார் சார்ஜரே போதும். இன்வர்ட்டரை மிக்ஸி ஓட்டவோ வேறு அவசரத்துக்கோ மட்டும் போட்டுவிட்டு அணைத்துவிடலாம். வீட்டு ஃப்ரிட்ஜையே வைத்தால் அதற்காக இன்வர்ட்டர் இரவு பகலாக விழித்திருக்க வேண்டும்.

இனி இண்டக்‌ஷன். இரண்டு பேருக்கு மூன்று வேளைச் சமையல் என்றால் ஒன்று முதல் ஒன்றரை யூனிட் போகும். அதைவிட, 2000 வாட் அடுப்பு ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 180 ஆம்பியர் அளவில் இழுக்கும். அந்த ஒரு சாதனத்துக்காக இன்வர்ட்டர், கேபிள், ஃபியூஸ் எல்லாமே இரட்டிப்பாக வேண்டியிருக்கும். ஒரு 5 கிலோ கேஸ் சிலிண்டரில் கிட்டத்தட்ட 63 யூனிட் வெப்பம் இருக்கிறது. அடுப்பில் பாதி வீணானாலும் 30 யூனிட் பாத்திரத்துக்குப் போகிறது. அதே 30 யூனிட்டை பேட்டரியில் சேமிக்க நினைத்தால் வண்டி முழுக்க பேட்டரிதான் இருக்கும். சமையலுக்கு கேஸ் வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும். பேட்டரியும் ரிலேயும் (தானே இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) அந்தப் பெட்டிக்குள் கூடாது. ஜன்னலை மூடிக்கொண்டு சமைப்பதும், குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவதும் உயிரோடு விளையாடுவது.

ஏசி பற்றி ஒரே வரி: இரவு எட்டு மணி நேரத்துக்குச் சின்ன ஏசியே 3 முதல் 5 யூனிட் எடுக்கும், அதனால் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். கட்டாயம் வேண்டும் என்கிற இரவில் லாட்ஜ் வாசலில் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

வரவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் தெளிவான நாளில் ஐந்து மணி நேரம் முழு வெயில் அடித்ததற்குச் சமமான ஒளி கிடைக்கிறது. இரண்டு பேனல் சேர்ந்து 1080 வாட். சூடு, தூசி, கேபிள், கன்ட்ரோலர் (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் கருவி) எல்லாம் தின்றது போக 70 சதவீதம் வந்தால் 3.8 யூனிட். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் பேனல் சாயாமல் படுத்துக் கிடந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. சூடுதான் நஷ்டம்: பேனல் 65 டிகிரிக்குப் போனால் அதன் பலகையில் எழுதிய வாட்டில் 14, 15 சதவீதம் போய்விடும். கூரைத் தகரத்தோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டினால் அடியில் காற்று ஓடும், வண்டிக்கும் நிழல் கிடைக்கும். தகரத்தோடு ஒட்டும் வளையும் பேனல்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றுக்கு அந்தக் காற்று கிடைக்காது.

ஆக, 2.2 செலவுக்கு 3.8 வரவு, கவலையே இல்லை என்று தோன்றும். வெயில் நாளில் அது உண்மைதான். ஆனால் வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், நீங்கள் வெந்துபோவீர்கள். மரத்தடியில் நிறுத்தினால் நேர் எதிர். வண்டியில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள இழுபறி இது. பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி அந்த மூலையளவுக்கு அல்ல, மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். ஜூன், ஜூலையில் மூணாறு, வால்பாறைப் பக்கம் போனால் 3.8 என்பது ஒன்றுக்கும் கீழே இறங்கலாம். மேகத்துக்கு நிலையான எண் கிடையாது. ‘மழைக்காலத்திலும் இத்தனை சதவீதம் வரும்’ என்று அடித்துச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

அதனால்தான் இரண்டாவது வரவு வேண்டும்: என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து (என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஜெனரேட்டர்) வருவது. இந்தக் கேள்வியில் அது இல்லவே இல்லை, என்னைக் கேட்டால் பேனலுக்கு முன்னால் எழுத வேண்டியது அது. அந்தக் கரண்ட்டை அளவாக்கி பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் டி.சி-டு-டி.சி சார்ஜர் ஒன்று போட்டால் மணிக்கு 0.39 யூனிட் பேட்டரிக்குள் போகும். மூன்று மணி நேர ஓட்டத்தில் 1.2 யூனிட், அரைநாள் தேவைக்கு மேல். மழையில் மாட்டிக்கொண்டால் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான். ஆல்டர்னேட்டரிலிருந்து வெறும் ரிலே வைத்து நேராக இழுக்கும் பழைய முறை ஈய பேட்டரிக்குப் (ட்யூபுலர் அந்த வகைதான்) பரவாயில்லை, லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. லித்தியம் கொடுப்பதையெல்லாம் விழுங்கும். என்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், குளிர்ச்சி போதாமல் அது கருகிவிடும். பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜே ஏறி இறங்கும். அங்கே ரிலே எப்போது சேரும், எப்போது பிரியும் என்றே தெரியாது. டி.சி-டு-டி.சி சார்ஜர் இரண்டையும் சமாளிக்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரியிலிருந்து வீட்டுச் சாமான் எதுவும் இழுக்காதபடி பிரித்து வைப்பதும் அதன் வேலை. காட்டுக்குள் ஃபேன் ஓட்டிவிட்டுக் காலையில் செல்ஃப் அடிக்காமல் நிற்கக் கூடாது.

இப்போது அந்த இரண்டு ட்யூபுலர் பேட்டரிகள். ஏட்டில் 3.6 யூனிட். ஆயுள் கெடாமல் எடுப்பதென்றால் பாதி, 1.8. ஒரு ராத்திரிக்கு அது தாங்கும் என்பதை மறுக்கவில்லை. பிரச்சினை மறுநாள் நிரப்புவதில்தான். ஈய பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக ஏறும்; மிச்ச 20 சதவீதம் ஏற மணிக்கணக்காகும். வீட்டில் ஈ.பி. கரண்ட் இரவு முழுக்கப் பொறுமையாக அதைச் செய்கிறது. வண்டியில் நாலு மணிக்கு வெயில் சாய்ந்துவிடும், பேட்டரி நிறையாமலே அடுத்த ராத்திரிக்குள் நுழையும். இப்படி நாள்கணக்கில் அரைவயிற்றோடு கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். போதாததற்கு, 150 ஏ.எச் ட்யூபுலர் ஒன்று 15 முதல் 20 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வாங்கினால் சூடாகிக் கொதிக்கும். உங்கள் பேனல்களோ உச்சி வெயிலில் 70 ஆம்பியர் தள்ளக்கூடியவை. பாதி வெயில் வாசலிலேயே நிற்கும். இரண்டும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் எடை. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும், பள்ளத்தில் குலுங்கினால் ஆசிட் தெறிக்கும். நீங்கள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் இது வேண்டாம்.

லித்தியத்தில் எல்.எஃப்.பி. என்கிற இரும்பு-பாஸ்ஃபேட் வகையை வாங்குங்கள். 12.8 வோல்ட் 300 ஏ.எச் என்றால் 3.84 யூனிட், 90 சதவீதம் எடுத்தாலும் 3.4 தாராளமாக வரும். எடை 35 கிலோவுக்குள் அடங்கும். வெயிலும் ஓட்டமும் இல்லாமல் ஒன்றரை நாள் தாங்கும், வந்த சார்ஜை மறுக்காமல் வாங்கும். பல மின்சார வண்டிகளில் உள்ள என்.எம்.சி. என்கிற லித்தியம் வகையைவிடச் சூட்டில் தீப்பிடிக்கும் அபாயம் இதில் குறைவு என்பது உறுதியான விஷயம். உறுதியில்லாதது, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ‘6000 சைக்கிள்’ (6000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம் என்பது). அது 25 டிகிரி ஆய்வகக் கணக்கு. நம் ஊர் தகரப் பெட்டிக்குள் அந்த எண்ணை யாரும் நிரூபித்துக் காட்டவில்லை. ‘ஏ கிரேடு செல்’ என்பதையும் வாய்வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளூரில் அசெம்பிள் செய்தது என்றால் முழுக்கச் சார்ஜ் செய்து, தெரிந்த ஒரு லோடை மாட்டி, எத்தனை மணி நேரம் வருகிறது என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மறுக்கிற கடை வேண்டாம். லித்தியத்தில் வோல்ட்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று சட்டென்று விழும். போகும், வரும் கரண்ட்டை அளக்க, நெகட்டிவ் கேபிளில் ஷன்ட் வைத்த மீட்டர் ஒன்று அவசியம்.

லடாக் என்றதும் எல்லோரும் ஆக்சிஜனைத்தான் நினைப்பார்கள். பேட்டரிக்கு அங்கே வேறு ஆபத்து. செல் சூடு பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் எடுப்பது பரவாயில்லை, ஏற்றுவதுதான் கூடாது. லே ஊர் 3500 மீட்டர் உயரம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பயமில்லை. பாங்காங் ஏரி 4200 மீட்டருக்கு மேல். செப்டம்பர் கடைசியில் அந்தப் பக்கம் விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், விடிந்ததும் பேனலில் வெயில் விழும், பேட்டரியோ இன்னும் உறைந்து கிடக்கும். குளிரில் சார்ஜை வெட்டும் பி.எம்.எஸ். (பேட்டரியின் காவல் சர்க்யூட்) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மலிவான பேக்குகள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. பேட்டரியை வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல் நீங்கள் தூங்கும் அறைக்குள்ளேயே வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு லடாக் போக வேண்டும் என்பதுகூட இல்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

குளிர் இன்னொரு இடத்திலும் அடிக்கும். 540 வாட் பேனல் ஒன்றின் திறந்த வோல்ட்டேஜ் (எதுவும் மாட்டாதபோது இருப்பது) 49, 50 அளவில் இருக்கும். அது 25 டிகிரிக்கான எண். குளிரக் குளிர ஏறும். இரண்டை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்தால் இங்கேயே 99. மைனஸ் 10-இல் 108 ஆகிவிடும். 100 வோல்ட் தாங்கும் எம்.பி.பி.டி. (பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் வகை) கன்ட்ரோலர் அந்தக் காலையில் செத்துவிடும், வாரண்டியும் கிடைக்காது. பேரலலாக (பக்கம் பக்கமாக) இணையுங்கள், வோல்ட்டேஜ் 50-ஐ ஒட்டியே நிற்கும், ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றது பாட்டுக்கு ஓடும். கன்ட்ரோலரை எம்.பி.பி.டி.யாகவே வாங்குங்கள். விலை மலிவு என்று பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர் போட்டால் பேனலின் 41 வோல்ட்டை அது 13-க்கு இழுத்துவிடும், 540 வாட் பேனல் 170 வாட்தான் தரும். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

வயரிங் என் சொந்தத் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன். 12 வோல்ட்டில் அரை வோல்ட் போவதுகூடப் பெரிய விஷயம். 5 மீட்டர் தள்ளியிருக்கும் ஃப்ரிட்ஜுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம் வயர் இழுத்தால் போக வர 10 மீட்டர். 5 ஆம்பியரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும், கம்ப்ரஸர் கிளம்பும்போது இன்னும் அதிகம். ‘ஃப்ரிட்ஜ் பழுது’ என்று வருகிற வண்டிகளில் பாதி இந்தக் கேஸ்தான். 4 அல்லது 6 போடுங்கள். 1000 வாட் இன்வர்ட்டர் 90 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிக்கு ஒட்டினாற்போல் வைத்து 35 ஸ்கொயர் எம்.எம் கேபிள். வீட்டுச் சுவருக்குள் போகும் விறைப்பான கம்பி வண்டிக்கு ஆகாது, மெல்லிய இழைகளால் ஆன வளையும் கேபிள்தான் வேண்டும். முனைகளில் லக்கை (போல்ட்டில் மாட்டும் வளையம்) ஹைட்ராலிக் கருவியால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். ஈயம் உருக்கி ஊற்றினால் அந்த விறைப்பு முடியும் இடத்தில் குலுங்கிக் குலுங்கி இழை அறும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ஃபியூஸ் இல்லாமல் ஒரு கேபிள்கூடப் பேட்டரியை விட்டு வெளியே வரக் கூடாது. எல்.எஃப்.பி. பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மெயின் ஃபியூஸ் ‘கிளாஸ் டி’ (Class T) வகையாக, பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். வீட்டு எம்.சி.பி.யை (தானாக ட்ரிப் ஆகும் சுவிட்ச்) டி.சி. பக்கம், அதாவது பேட்டரிக் கரண்ட் ஓடும் பக்கம் போடாதீர்கள். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், டி.சி.யில் பொறி அணையாமல் தொடர்ந்து எரிந்து எம்.சி.பி.யையே உருக்கும். டி.சி. என்று அச்சிட்டதையே கேளுங்கள். 230 வோல்ட் பக்கம் இன்வர்ட்டரின் நியூட்ரலை வண்டி பாடியோடு இணைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) போட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. பேருக்குத்தான் இருக்கும். வெளியிலிருந்து பிளக் போடும்போது இந்த இணைப்பு தானாகப் பிரிய வேண்டும். இது வீடியோ பார்த்துச் செய்கிற வேலை அல்ல, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லாட்ஜில் பிளக் போடுவதற்கு முன் அந்த சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று சாக்கெட் டெஸ்டர் மாட்டிப் பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில், ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று வண்டிக் கதவைத் தொடுவது ஆபத்து.

கூரை பேனல்களைத் தாங்குமா என்று நான் சொல்ல முடியாது. ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும், அதைவிட நெடுஞ்சாலைக் காற்று தூக்கும் விசை பெரிது. எந்த ரிப்பில் போல்ட் போடலாம் என்பதைப் பாடி கட்டுபவர்தான் சொல்ல வேண்டும். சட்ட விஷயத்திலும் என் அறிவு இவ்வளவுதான்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் எழுதி வாங்குங்கள். நடுவழியில் விபத்தானால் அந்தக் காகிதம்தான் பேசும்.

பணம் ஒரேயடியாகப் புரளாவிட்டால் லித்தியம், டி.சி-டு-டி.சி சார்ஜர், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் மூன்றையும் முதலில் வாங்குங்கள். பேனல் ஒன்றோடு தொடங்கி, இரண்டாவதற்குக் கூரையில் இடமும் கேபிளும் மட்டும் விட்டு வைத்தால் போதும். இரண்டு மாதம் ஓட்டிவிட்டு ஷன்ட் மீட்டர் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யலாம். ட்யூபுலர் பேட்டரிகளும் இன்வர்ட்டரும் வீட்டிலேயே இருக்கட்டும். ஊருக்குப் போகும்போது அவற்றைச் சார்ஜில் விட்டே போங்கள், சாவி கொடுத்து வைத்திருப்பவரிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.